கம்பியுள்ள அலுவலகத்தில் கம்பியிலி சேர்த்தல்: மயிலை, தி.நகர், அடையாறு வட்டாரங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழ் ஆய்வுலகம் எதையும் விட்டுவைத்ததில்லை. ஏரி மதகுக்கு ஆய்வேடு உண்டு, நெல் அளக்கும் மரக்காலுக்கு உண்டு, கோயில் விளக்குக்கு நெய் கொடுக்க விடப்பட்ட ஆடுகளுக்கும் உண்டு. ஆனால் பல வருடங்களுக்கு முன் கம்பி இழுத்து, சுவரோரம் பட்டி அடித்து, மேசைக்கு மேசை நுனி கொண்டுபோய்ச் சொருகிய ஓர் அலுவலகத்தில், திடீரென ஒரு திங்கட்கிழமை முதலாளி "நாமளும் ஒரு வைஃபை போட்டுடலாமே" என்றால் அதன்பின் என்னவெல்லாம் நிகழும் என்பதை முறையாக ஆராய்ந்த நூல் எதுவும் இக்கட்டுரையாளர் கண்ணில் பட்டதில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இங்கே நோக்கம்.

ஆய்வெல்லை: வடக்கே லஸ் முனை, மேற்கே பனகல் பார்க், தெற்கே அடையாறு டெப்போ. பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கோபுரங்கள் திட்டமிட்டே விலக்கப்பட்டன. அங்கே நெட்வொர்க்குக்குத் தனித் துறை, துறைக்குத் தனி அறை, அறைக்கு இரவும் பகலும் ஏ.சி. துன்பம் இல்லாத இடத்தில் ஆய்வுக்கு வேலை இல்லை.

மாதிரிகள் மூன்று. முதலாவது, கச்சேரி சாலைக்குப் பக்கத்துச் சந்தில், பழைய வீட்டின் முன்கட்டில் இயங்கும் ஆடிட்டர் அலுவலகம். இரண்டாவது, உஸ்மான் சாலைப் பக்கம் துணிக்கடை ஒன்றின் மாடியில் உள்ள கணக்குப் பிரிவு. மூன்றாவது, அடையாறு காந்தி நகரில் வாடகை பங்களாவில் குடியேறியிருக்கும் இளைஞர் நிறுவனம். மூன்றும் அந்தந்தப் பேட்டையில் பார்க்கக் கிடைக்கும் பல அலுவலகங்களைச் சேர்த்துப் பிசைந்த உருக்கள். ஆகவே யாரும் "இது எங்க ஆபீஸ்தானே?" என்று கேட்டு வர வேண்டியதில்லை. ஆம், உங்கள் ஆபீஸ்தான்.

கருதுகோள்

ஓர் அலுவலகத்தில் கம்பியிலி சேர்க்கப்பட்ட பிறகு அங்குள்ள கம்பிகளின் எண்ணிக்கை குறைவதில்லை, கூடவே செய்கிறது. இதைக் 'கம்பிப் பெருக்க விதி' என்போம்.

நிறுவுவது எளிது. ஆக்சஸ் பாயின்ட் என்னும் வெள்ளைத் தட்டு உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஸ்விட்சிலிருந்து ஒரு கேட்-6 வயர். மின்சாரத்துக்கு அடாப்டர். உயரத்தில் பிளக் பாயின்ட் கிடையாது என்பதால் எலக்ட்ரீஷியன் வந்து இன்னொன்று இழுக்கிறார். நெட் போகும் வயரிலேயே மின்சாரத்தையும் ஏற்றி அனுப்பும் முறை 2003-லேயே தரமாக வந்துவிட்டது, 15.4 வாட் வரை தரும். அதற்கான ஸ்விட்ச் விலை கூடுதல் என்று ஒரு சின்ன இன்ஜெக்டர் டப்பா வாங்குகிறார்கள். அந்த டப்பாவுக்கு இரண்டு வயர், ஒரு பிளக். பின்கட்டில் சிக்னல் எடுக்கவில்லை என்று இரண்டாவது ஆக்சஸ் பாயின்ட் வருகிறது. முன்சொன்ன யாவும் மீண்டும். கடைசியில் முதலாளி தன் அறைக்கு மட்டும் "சேஃப்டிக்கு ஒரு வயரும் இருக்கட்டும்" என்கிறார்.

பழைய வயர்களைக் கழற்றிக் கணக்கை நேர் செய்யலாமே என்று கேட்கக்கூடும். கழற்ற முடியாது. எது எங்கே போகிறது என்று தெரிந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

விதிக்கு விலக்கு காட்ட முயன்றது அடையாறு மாதிரி. ஒரு வயரும் இழுக்காமல், சிக்னலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் ரிபீட்டர்களை அறைக்கு ஒன்றாகச் செருகினார்கள். ஒரே ரேடியோவால் கேட்டு, அதே ரேடியோவால் திருப்பிச் சொல்லும் கருவியில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதைக் கேட்டு இன்னொன்று சொன்னால் அதிலும் பாதி. கடைசி அறையில் இருந்த டிசைனர் தன் கோப்பைப் பென் டிரைவில் போட்டு நடந்து வந்து கொடுக்கத் தொடங்கியதும் வயர் இழுக்க ஆள் வந்தார். விதி நிலைபெற்றது.

முன்னோர் கண்ட நெறி

கம்பி மூத்தது, கம்பியிலி பின்னால் வந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அலுவலக நெட்வொர்க்கைப் பொறுத்தவரை வரலாறு தலைகீழ். ஹவாய்த் தீவுகளில் பல்கலைக்கழகக் கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கக் கடலடிக் கம்பி கட்டுப்படியாகாது என்று நார்மன் ஏப்ரம்சன் குழு 1971-ல் வானொலி அலையில் அலோகாநெட்டை இயக்கியது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். மோதிக்கொண்டால் சிறிது பொறுத்து மறுபடி பேச வேண்டும் என்பது விதி. அந்த முறையில் அதிகபட்சம் 18 விழுக்காடு நேரமே உருப்படியான பேச்சுக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1973-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் அதே யோசனையை எடுத்து, 'பேசுமுன் கேள்' என்ற நிபந்தனையைச் சேர்த்து, ஒரு கேபிளுக்குள் அடைத்தார். அதுதான் ஈதர்நெட். இன்று மேசைக்கடியில் தூசி படிந்து கிடக்கும் நீலவயர், காற்றில் திரிந்த ஒன்றைப் பிடித்துக் கட்டியதன் விளைவு. வைஃபை போடுவது புதுமை ஆகாது, தாய்வீடு திரும்புதல்.

ஆய்வெல்லைக்கு மிக அருகிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு 1990-களில் மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து கார்டெக்ட் என்ற கருவியை உருவாக்கியது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு வரும் கடைசித் துண்டுச் செப்புக் கம்பிக்குத்தான் செலவு அதிகம். அந்தத் துண்டைக் காற்றில் விட்டுவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். தடையற்ற பார்வைக் கோட்டில் 10 கிலோமீட்டர் வரை எட்டியது. டெலிபோன் பேசிக்கொண்டே விநாடிக்கு 35 கிலோபிட் இணையமும் பெறலாம். நம் ஆய்வுக்கு முக்கியமானது வேறு: உயரத்தில் நின்ற அந்தச் சின்ன அலைநிலையங்களுக்குப் பேச்சும் மின்சாரமும் முறுக்குக் கம்பி வழியாகவே போயின. கம்பிப் பெருக்க விதியை ஐ.ஐ.டி.யாலும் மீற முடியவில்லை.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1933-ம் வருடத்து இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி வானொலிக் கருவி வைத்திருக்கவே உரிமம் தேவைப்பட்டது. வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம் என்று 2005-ல் மத்திய அரசு விதி வகுத்தது. ஆனால் மயிலை மாதிரியில் ஆவலைத் தூண்டியது சட்டமோ தொழில்நுட்பமோ இல்லை. 2003-ல் இன்டெல் தன் சென்ட்ரினோ வரிசையால் வைஃபையை மடிக்கணினியின் உறுப்பாகவே ஆக்கியபோது அவர்கள் அசையவில்லை. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்து, டெஸ்க்டாப்புகள் ஆட்டோவில் ஏறி மேற்கு மாம்பலத்துக்கும் நங்கநல்லூருக்கும் போய்த் திரும்பி, பிறகு மெல்லிய மடிக்கணினிகள் வாங்கப்பட்டபோதுதான் தெரிந்தது: மேசையில் கம்பி இருக்கிறது, கணினியில் துளை இல்லை.

சுவரியல்

கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1890-களின் நடுவில் நுண்ணலைகளைச் சுவருக்கு ஊடாக அனுப்பி அந்தப் பக்கத்தில் மணி அடிக்கவைத்தார். அதே சோதனையை மயிலாப்பூரில் செய்திருந்தால் அறிவியல் வரலாறு சற்றுத் தாமதப்பட்டிருக்கும்.

மயிலைச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தது. சில இடங்களில் ஒன்றரை அடித் தடிமன். மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் இறுக்கிய தளம். வெயிலைத் தடுப்பதில் அதற்கு இணை இல்லை. தடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் வெயில், வைஃபை என்று அது வித்தியாசம் பார்ப்பதும் இல்லை. மூன்று டெசிபல் குறைந்தால் அலையின் சக்தி பாதி. பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. இத்தகைய சுவர் ஒன்றே பத்து டெசிபலுக்குக் கிட்டத்தட்ட வாங்கிக்கொள்ளும். ஆகவே முன்கட்டிலிருந்து கிளம்பும் சிக்னல் சுவரைத் துளைக்க முயல்வதில்லை. தாழ்வாரத்தில் நடந்து, முற்றத்தைச் சுற்றி, கதவு திறந்திருந்தால் இரண்டாம் கட்டுக்குள் நுழைகிறது. கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பவர் "யாரு நெட்டை ஆஃப் பண்ணது?" என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆக்சஸ் பாயின்ட் கூடத்தின் நடுவில், உயரத்தில், திறந்த வெளியில் இருக்க வேண்டும் என்பது நூல்நெறி. மயிலைக் கூடத்தின் நடுவில், உயரத்தில், திறந்த வெளியில் இருப்பது மின்விசிறி. அடுத்த உயரிய இடம் சீரியல் பல்பு போட்ட சாமி படத்துக்கு. அதற்கடுத்தது நிறுவனரின் படத்துக்கு. அவருக்குச் சந்தன மாலையும் உண்டு. நான்காவது இடத்துக்குத் துளை போட முனைந்தபோது பின்கட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரர் மாமி வந்துவிட்டார். "தம்பி, அந்தச் சுவர்ல மட்டும் ஓட்டை போடப்படாது. எங்க மாமனார் நின்னு கட்டினது." எஞ்சியது இரும்பு பீரோவின் தலை. தகரத்தின் மேல் வைக்கப்பட்ட வானொலிக் கருவிக்கு அதன் கீழும் பின்னும் நிழல் விழும். அந்த நிழலில், பீரோவுக்குச் சரியாகப் பின்னால், அலுவலகத்தின் மிக மூத்த கணக்கர் முப்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறார். அவரை இடம் மாற்றச் சொல்லும் துணிவு மாமியிடம் ஓட்டை கேட்கும் துணிவைவிட அரியது.

தி.நகரின் சிக்கல் வேறு. ஒரு காலத்தில் நெடிய ஏரியாகக் கிடந்த நிலத்தை 1920-களில் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. ஏரி போனாலும் தண்ணீர் போகவில்லை: மொட்டைமாடித் தொட்டியாக நிற்கிறது, மனிதர்களாக நடக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். கடை திறக்குமுன் காலை எட்டு மணிக்கு, ஆளில்லாத தளத்தில் சிக்னலைச் சோதித்து "பக்கா" என்று சான்றளித்தவர்கள், தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை அதே தளத்தில் இருப்பெடுக்கும் பார்கோடு கருவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் காணலாம். சிக்னலைக் குடித்தவர்கள் வாடிக்கையாளர்கள். அவர்களை வெளியேற்றினால் நெட் வரும். ஆனால் கணக்கெழுத எதுவும் இருக்காது. நான்கு பக்கமும் பதித்த கண்ணாடிகளின் பின்னாலுள்ள உலோகப் பூச்சு அலையைத் திருப்பி அடிப்பது தனிக் கதை.

அடையாறில் சுவர் மெலிது. அங்கே பகை மதியம் ஒரு மணிக்கு வருகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. சாம்பார் சாதம் சூடாகும் இரண்டு நிமிடம் பழைய வகை இணைப்புகள் திணறும். வெளியே மரக்கிளை வழியாக வரும் கேபிளைக் கடிக்க அணில்கள். மின்தடைக்கு அணில்களும் காரணம் என்று 2021-ல் அன்றைய மின்துறை அமைச்சர் வி.செந்தில்பாலாஜி சொன்னபோது சமூக ஊடகங்கள் சிரித்தன. அடையாறில் கேபிள் வைத்திருப்பவர்கள் சிரிக்கவில்லை.

அகத்திணையியல்

சிக்னலின் நிலையைச் செல்போன் நான்கே வில்கோடுகளில் காட்டி முடித்துவிடுகிறது. உறவின் நிலைகளை ஏழாகப் பகுத்த தொல்காப்பியரின் மொழியில் வாழ்பவர்களுக்கு இது போதாது. ஆக்சஸ் பாயின்டுக்கு நேர் கீழே கிடைக்கும் கூடல் குறிஞ்சி. அந்த இடத்தில் பெரும்பாலும் ஜெராக்ஸ் மிஷின் இருக்கிறது. வட்டம் சுழல, "சுத்திக்கிட்டே இருக்கு சார்" என்று காத்திருப்பது முல்லை. காணொலிக் கூட்டத்தில் "நான் பேசறது கேக்குதா? கேக்குதா?" என்று இரங்குவது நெய்தல். போனைத் தூக்கிக்கொண்டு வெயிலில் மொட்டைமாடிக்குப் போவது பாலை.

மருதம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. வில்கோடு நான்கும் நிறைந்திருக்கும், பெயரின் கீழ் 'இணைந்தது' என்று எழுதியிருக்கும், நெட் மட்டும் வராது. பிரிவும் இல்லை, காத்திருப்பும் இல்லை, இது ஊடல். காரணம் வைஃபையில் இருக்காது. அதற்கும் அப்பால், தெருவிலிருந்து வரும் கம்பியில் ஏதோ நடந்திருக்கும். ஊடல் தீர்க்கச் சங்கத் தலைவன் பாணனை அனுப்பினான். இங்கே நெட்வொர்க் தம்பி வருகிறார். பாணனைப் போலவே அவரும் முதலில் திட்டு வாங்குகிறார்.

இதுவரை யாரும் கவனிக்காதது கைக்கிளை. கூடுதல் சக்தியுள்ள கருவி வாங்கினால் எல்லா மூலைக்கும் எட்டும் என்பது ரிச்சி தெருக் கடைக்காரர்களின் மரபு. "மூணு ஆன்டெனா சார், நாலு வீடு தாண்டி அடிக்கும்." அடிக்கும்தான். இந்திய விதி அனுமதிக்கும் உச்சம் ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து நான்கு வாட். ஆனால் கையிலுள்ள செல்போன் அனுப்பும் சக்தி பெரும்பாலும் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. கருவி பேசுவது போனுக்குக் கேட்கிறது; போன் பேசுவது கருவிக்குக் கேட்பதில்லை. திரையில் கோடுகள் நிறைந்திருக்கின்றன, மறுமொழி இல்லை. ஒருதலைக் காமத்துக்கு இதைவிடத் துல்லியமான இலக்கணம் கிடைக்காது. மருந்து, ஒரு பெரிய கருவிக்குப் பதிலாக இரண்டு அடக்கமான கருவிகள், இரண்டுக்கும் வயர். (விதியை நினைவு கொள்க.)

பெருந்திணைக்குத் தி.நகர் மாதிரியின் பழைய பிரின்டரே சான்று. 1999-ல் வந்த 11 மெகாபிட் தரம் மட்டுமே தெரிந்த அந்த முதியவர், புதிய நெட்வொர்க்கில் சேர்ந்தார். காற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அவர் ஒரு பில்லை மெதுவாகப் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் வாய்மூடி நிற்க வேண்டும். பொருந்தாக் காமத்துக்கு மருந்து விவாகரத்து: பிரின்டரை மறுபடி வயரில் சொருகிவிட்டார்கள்.

முகவரிப் பூசல்

வயர் நெட்வொர்க்கில் ஒரு ரூட்டர் இருக்கும். சேரும் ஒவ்வொரு கருவிக்கும் எண் வழங்குவது அதன் வேலை. அந்த வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். இந்தச் சூழலில் முதலாளி "வீட்ல ஒண்ணு சும்மா கிடக்கு" என்று பழைய ரூட்டர் ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுவருகிறார். சிக்கனம் நல்ல குணம். ஆனால் அந்த ரூட்டருக்கும் எண் வழங்கும் பழக்கம் உண்டு. மார்கழியில் ஒரே சபாவுக்கு இரண்டு கவுன்டரில் தனித்தனியாக இருக்கை எண் போட்டு டிக்கெட் விற்றால் என்ன ஆகுமோ அதுதான் நெட்வொர்க்கிலும் ஆகிறது. எண் ஒவ்வொரு நாளும் புதுப்பிக்கப்படுவதால் பூசல் உடனே வெடிப்பதில்லை. மாலையில் எல்லாம் சரியாக ஓடுகிறது, தம்பி கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். மறுநாள் காலை பாதிப் பேருக்கு டேலி சர்வர் தெரியவில்லை, மீதிப் பேருக்கு நெட் இல்லை. அன்று தேதி இருபதாக இருக்கும், ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள்.

தீர்வு சிறியது. வந்த ரூட்டரில் டிஹெச்சிபியை அணைக்க வேண்டும். அதற்கு, ஏற்கெனவே இருக்கும் ரூட்டரின் எண்ணான 192.168.1.1 அல்லாத, அதே வரிசையில் யாருக்கும் வழங்கப்படாத வேறு எண்ணைத் தர வேண்டும். வயரை இன்டர்நெட் என்று எழுதிய தனித்துளையில் சொருகாமல் லேன் துளைகளில் ஒன்றில் சொருக வேண்டும். தனித்துளையில் சொருகினால் வைஃபைக்காரர்கள் வேறு வரிசைக்குப் போய்விடுவார்கள்: அவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரியும், பக்கத்து மேசைப் பிரின்டர் தெரியாது.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகு அலுவலக உதவியாளர் அண்ணன் பெருக்க வருகிறார். ஸ்விட்சிலிருந்து ஒரு வயர் நுனி தொங்குகிறது. தொங்குவது அவருக்குப் பிடிக்காது. பக்கத்திலேயே காலித் துளை ஒன்று இருக்கிறது, சொருகிவிடுகிறார். வயரின் இரு நுனியும் ஒரே ஸ்விட்சில். ஒரு செய்தி வட்டமாகச் சுற்றிப் பல்கிப் பெருகி, சில விநாடிகளில் எல்லா விளக்குகளும் ஒரே கதியில் மின்னத் தொடங்குகின்றன. "இப்பதான் நல்லா வேலை செய்யுது போல" என்று அவர் சொன்னது விளக்குகளை மட்டும் பார்த்தால் நியாயமானது.

பெயரியல்

ஒரு வைஃபைக்குப் பெயர் வேண்டும். அந்தப் பெயர் 32 பைட்டைத் தாண்டக்கூடாது என்பது தரநூலின் விதி. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட், துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. இவ்வளவில் 'அடையாறு' 21 பைட்டில் அடங்கிவிடுகிறது. 'தி.நகர்' நடுவிலுள்ள புள்ளியோடு 19. 'மயிலாப்பூர்' என்று எழுதினால் பதினொரு குறியீடு, 33 பைட். ஒரே ஒரு பைட்டில் மயிலாப்பூர் உலகத் தரத்துக்கு வெளியே நிற்கிறது. 'மயிலை' என்றால் 15-ல் முடிந்துவிடும். அவ்வூரார் ஏன் எப்போதும் மயிலை என்றே சுருக்கிவந்தார்கள் என்ற கேள்விக்கு விடை இதுவாக இருக்கலாம் என்று முன்மொழிகிறேன். காலவரிசை இடிக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே.

தி.நகர் மாடியில் நின்று போனைத் திறந்தால் வரிசையாகத் தெரியும் பெயர்கள் ஒரு கல்வெட்டுத் தொகுதி. நகைக்கடை, டியூஷன் சென்டர், பல் டாக்டர், யாரோ ஒருவரின் மகளின் பெயரோடு பிறந்த வருடம். இத்தனை பேரும் காற்றைப் பங்கிட வேண்டும். இந்தியாவில் 2.4 பட்டைக்குச் சேனல்கள் பதின்மூன்று. ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒருசேர நிற்கக்கூடியவை 1, 6, 11 என்று மூன்றே. மூன்றிலும் கூட்டம் என்று பார்த்துப் புத்திசாலி ஒருவர் மூன்றாம் சேனலைத் தேர்ந்தெடுத்தார். காலியாகத் தெரிந்தது. இப்போது ஒன்றின் இரைச்சலும் ஆறின் இரைச்சலும் சேர்ந்து கேட்கின்றன.

பாஸ்வேர்டு பற்றிச் சுருக்கமாக. 1997-ன் முதல் பூட்டை 2001-லேயே கணிதர்கள் உடைத்துவிட்டதால் புதிய பூட்டுகள் வந்தன. மூன்று மாதிரிகளிலும் அவை முறையாகப் போடப்பட்டிருந்தன. பாஸ்வேர்டு வரவேற்பறைச் சுவரில், நாள்காட்டிக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருந்தது.

மேலாய்வுக்கு உரியவை

ஆயுத பூஜைக்கு முந்தைய மாலை யு.பி.எஸ், ஸ்விட்ச், ரூட்டர் அனைத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். ஏணி போட்டு ஏறி ஆக்சஸ் பாயின்டுக்கும் உண்டு. ஈரச் சந்தனத்தில் தண்ணீர் இருப்பதால் அது கொள்கையளவில் சிக்னலைக் குடிக்க வேண்டும், காய்ந்தபின் விட்டுவிட வேண்டும். மறுநாள் விடுமுறை ஆகையால் அளக்க ஆளில்லை. இன்னொன்றும் உண்டு. ரூட்டரின் பின்புறம் ஊசி நுழையும் அளவில் ரீசெட் துளை இருக்கும். சில விநாடி அழுத்தினால் மேலே சொன்ன அமைப்பு முழுவதும் அழிந்து கருவி கடையில் வாங்கிய நிலைக்குப் போய்விடும். நெட் நின்றால் முதல் காரியமாகச் சேஃப்டி பின் தேடுபவர் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். மயிலை மாதிரியில் அவர் பின்னோடு வந்து, துளை இருந்த இடத்தில் சந்தனம் இறுகியிருப்பதைப் பார்த்து, அதைக் கீறத் தயங்கி, இருக்கைக்குத் திரும்பிவிட்டார். பொட்டு வைக்கும் இடத்தை எல்லா அலுவலகங்களுக்கும் பொதுவாகத் தரப்படுத்தலாமா என்பதை அடுத்த ஆயுத பூஜைக்குள் யாராவது ஆராய்ந்தால் நல்லது.